பார்ட்டில்பி ஏன் மறுத்தான்? மெல்வில் கதையை வாசிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஹெர்மன் மெல்வில் எழுதிய 'பார்ட்டில்பி' கதையை முதல்முறை படித்து முடிப்பவர்கள் அநேகமாக எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: இந்த ஆள் ஏன் இப்படி இருந்தான்? வேலை செய்ய மறுத்தான், சரி. பிறந்த ஊரைச் சொல்ல ஏன் மறுத்தான்? வேலை போன பிறகும் அந்த இடத்தை விட்டுப் போக ஏன் மறுத்தான்? கடைசியில் சாப்பிடக்கூட ஏன் மறுத்தான்? மனநோய் என்பார் ஒருவர். முதலாளிக்கு எதிரான போராட்டம் என்பார் இன்னொருவர். கிறிஸ்துவின் சாயல் என்பார் மூன்றாமவர். மூவருக்கும் கதையில் ஆதாரம் கிடைக்கும். ஆனால் மூவராலும் வழக்கை முடித்துவைக்க முடியாது.

காரணம், பார்ட்டில்பியின் மனசுக்குள் மெல்வில் நம்மை எட்டிப் பார்க்கக்கூட விடவில்லை. கதை முழுக்க நம்மிடம் இருப்பது அவனுக்குச் சம்பளம் கொடுத்த வக்கீலின் வாக்குமூலம் மட்டும்தான். அதனால் 'ஏன் மறுத்தான்' என்ற கேள்வியைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, 'அந்த மறுப்பு இந்த வக்கீலை என்ன செய்தது' என்று கேட்டுக்கொண்டே படிப்பதுதான் நான் சிபாரிசு செய்யும் வழி. கதையின் சோகம் எங்கே இருக்கிறது என்பதும் அப்போதுதான் பிடிபடும்.

கதையின் முடிவு உள்பட எல்லாமே கீழே வருகிறது. படிக்காதவர்கள் முதலில் கதையைப் படித்துவிட்டு வாருங்கள். காப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது, இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும்.

தொடங்கும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

1853 நவம்பர், டிசம்பர் மாதங்களில் 'புட்னம்ஸ் மந்த்லி' என்ற அமெரிக்கப் பத்திரிகையில் இரண்டு பகுதிகளாக, எழுதியவர் பெயர் இல்லாமல் இந்தக் கதை வெளிவந்தது. 1856-ல் 'தி பியாஸா டேல்ஸ்' தொகுப்பில் சேர்ந்தது. எழுதும்போது மெல்வில்லுக்கு வயது 34. 1851-ல் வந்த 'மோபி டிக்' சரியாக விற்கவில்லை. அடுத்த ஆண்டு வந்த 'பியர்' நாவலை விமர்சகர்கள் கிழித்துத் தோரணம் கட்டினார்கள்.

'வால் ஸ்ட்ரீட் கதை' என்று ஒரு துணைத்தலைப்பு உண்டு. வால் ஸ்ட்ரீட் நியூயார்க்கின் பண வியாபாரத் தெரு. அதை மறக்காதீர்கள்.

இன்னொன்று, அந்த வக்கீலிடம் பார்ட்டில்பி பார்த்த நகலெழுத்தர் வேலை. டைப்ரைட்டர் அலுவலகங்களுக்கு வராத காலம். ஒரு ஆவணத்துக்கு நாலு பிரதி வேண்டுமென்றால் நாலு தடவை கையால் எழுத வேண்டும். எழுதி முடித்ததும் ஒருவர் மூலத்தை உரக்க வாசிப்பார், மற்றவர்கள் ஆளுக்கொரு நகலைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லுக்குச் சொல் சரிபார்ப்பார்கள். பதிவாளர் அலுவலக வாசலில் பத்திரம் எழுதும் பெரியவர்களைப் பார்த்திருந்தால், அந்த வேலையில் எவ்வளவு அலுப்பு இருக்கும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

முதல் படி: ஒரே மூச்சில் படியுங்கள், சிரிப்பு வரும் இடத்தைக் குறியுங்கள்

'சோகக் கதை' என்று கேள்விப்பட்டுப் படிக்கிறவர்கள் தவறவிடும் முதல் விஷயம், இதன் முதல் பாதி நல்ல நகைச்சுவைக் கதை என்பது. வக்கீலிடம் ஏற்கெனவே இரண்டு எழுத்தர்கள் இருக்கிறார்கள். டர்க்கி அறுபதை நெருங்கும் ஆங்கிலேயர். மதியம் பன்னிரண்டு மணிவரை தங்கமான மனிதர், அதற்குப் பிறகு முகம் கனல் மாதிரி சிவந்து, காகிதமெல்லாம் மைக்கறையாகிவிடும். நிப்பர்ஸ் இருபத்தைந்து வயது இளைஞன். அவனுக்குக் காலையில் அஜீரணமும் எரிச்சலும். மேசை உயரம் சரியில்லை என்று அடியில் எதையாவது சொருகிக்கொண்டே இருப்பான், மதியத்துக்குப் பிறகு சாந்தமாகிவிடுவான். ஆக, எந்த நேரத்திலும் இரண்டு பேரில் ஒருவர் உருப்படியாக இருப்பார். வக்கீலுக்கு அது போதும். கூடவே பன்னிரண்டு வயது எடுபிடிப் பையன் ஒருவன், ஜிஞ்சர் நட். அதே பெயருள்ள இஞ்சி பிஸ்கட்டை மற்றவர்களுக்கு வாங்கி வருவதால் அவனுக்கு அந்தப் பெயர்.

முதல் வாசிப்பில் குறிப்பெல்லாம் வேண்டாம். எங்கே சிரித்தீர்கள், எந்த இடத்துக்கு அப்புறம் சிரிப்பு வரவில்லை என்று மட்டும் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். எனக்கு ஞாயிற்றுக்கிழமைக் காட்சியில் நின்றது. சிலருக்கு வக்கீல் அலுவலகத்தையே காலி செய்யும் இடம்வரை சிரிப்பு வரலாம். அந்தக் கோடு எங்கே விழுகிறதோ, உங்கள் வாசிப்பு அங்கிருந்துதான் கிளம்பும்.

இரண்டாம் படி: கதை சொல்கிறவரை விசாரியுங்கள்

இரண்டாம் வாசிப்பில் முதல் சில பக்கங்களில் கொஞ்சம் தங்குங்கள். அங்கே பார்ட்டில்பியே கிடையாது, வக்கீல் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார். பெயர் சொல்லவில்லை. சுலபமான வாழ்க்கையே நல்ல வாழ்க்கை என்று இளமையிலிருந்து நம்புகிறவர். நீதிமன்றத்தில் ஜூரிகள் முன்னால் வாதாடாமல், பணக்காரர்களின் பத்திரங்களுக்கும் அடமானங்களுக்கும் நடுவில் சொகுசாக உட்கார்ந்து தொழில் செய்கிறவர். எல்லோரும் தன்னைப் 'பத்திரமான ஆள்' என்று நினைப்பதாகச் சொல்லிக்கொள்கிறார். ஜான் ஜேக்கப் ஆஸ்டர் அந்தக் காலத்து அமெரிக்காவின் பெரும் பணக்காரர், 1848-ல் இறந்தவர். அவர் பெயரை உச்சரிப்பதே தனக்கு இன்பம், அது தங்கக் கட்டி மாதிரி ஒலிக்கிறது என்று வெட்கமில்லாமல் ஒப்புக்கொள்கிறார்.

அப்புறம் ஒரு சின்ன வெடிப்பு. தனக்குக் கோபமே வராது, அநியாயங்களைப் பார்த்து ஆவேசப்படுவது அதைவிட அரிது என்று சொன்ன கையோடு, ஒரே ஒரு விஷயத்துக்குப் பொரிகிறார். நியூயார்க் மாநிலம் 1846-ல் கொண்டுவந்த புது அரசியல் சட்டத்தால் சான்சரி என்ற தனி நீதிமன்றமே அடுத்த ஆண்டு ஒழிந்துபோனது. அதில் அவர் வகித்த பதவியும் போயிற்று. ஆயுசுக்கும் வருமானம் வரும் என்று கணக்குப் போட்டிருந்தாராம். உலகத்து அநியாயங்கள் இருக்கட்டும், இவருக்குச் சுட்டது இதுதான்.

இவரை வில்லன் என்று முடிவு கட்டிவிடாதீர்கள், அது சோம்பேறி வாசிப்பு. நல்ல மனிதர்தான். டர்க்கிக்குத் தன் கோட்டையே கொடுக்கிறார். ஆனால் அவருடைய நல்ல குணத்துக்கு எப்போதும் ஒரு விலைச்சீட்டு தொங்குகிறது. மற்றவர்களின் கோணல்களை அவர் பொறுத்துக்கொள்வது, அவற்றிலிருந்து ஏதோ ஒரு ஆதாயம் கிடைக்கும்வரைதான். பக்க ஓரத்தில் பணம், லாபம், விலை வரும் இடத்திலெல்லாம் ஒரு 'ரூ' போட்டுக்கொண்டே போங்கள். பின்னால் உதவும்.

மூன்றாம் படி: அலுவலகத்தை வரைந்து பாருங்கள்

ஒரு காகிதத்தில் நிஜமாகவே வரையுங்கள். ஒரு பக்க ஜன்னலைத் திறந்தால் கட்டடத்துக்குள் வெளிச்சம் விழுவதற்காக விட்ட கூண்டின் வெள்ளைச் சுவர். மறுபக்க ஜன்னலிலிருந்து பத்தடியில் காலத்தால் கறுத்துப்போன செங்கல் சுவர். நடுவில் மங்கல் கண்ணாடி பதித்த மடக்குக் கதவுகள். ஒரு பக்கம் எழுத்தர்கள், மறுபக்கம் வக்கீல்.

பார்ட்டில்பியை வக்கீல் தன் பக்கத்திலேயே, ஒரு மூலையில் உட்காரவைக்கிறார். அவனுக்கென்று ஒரு சின்ன ஜன்னல். முன்னே அதிலிருந்து அழுக்குக் கொல்லைகளாவது தெரிந்தன, பிறகு கட்டடம் எழும்பியதால் எதுவுமே தெரியாது. கண்ணாடியிலிருந்து மூன்றடியில் சுவர். போதாததற்கு வக்கீல் உயரமான பச்சைத் தட்டி ஒன்றை வாங்கி நடுவில் நிறுத்துகிறார். அவன் கண்ணில் படக்கூடாது, ஆனால் கூப்பிட்டால் கேட்க வேண்டும். இதைத் தனிமையும் துணையும் ஒன்றாகச் சேர்ந்த ஏற்பாடு என்று பெருமையாகச் சொல்கிறார்.

சுவர்களை மட்டும் வைத்து எழுதிய கட்டுரைகள் பல இருக்கின்றன. எனக்குச் சுவரைவிட அந்தத் தட்டிதான் முக்கியம். சுவர்களை ஊர் கட்டியது. தட்டியை இவரே கடையில் வாங்கினார். பின்னால் அலுவலகத்தைக் காலி செய்யும் நாளில் எல்லாச் சாமானும் போன பிறகு கடைசியாகத் தட்டியை மடித்து எடுக்கிறார்கள். வெறும் அறையின் நடுவில் அவன் அசையாமல் நிற்கிறான். இந்த இரண்டு இடங்களையும் அடுத்தடுத்துப் படித்துப் பாருங்கள்.

நான்காம் படி: மறுப்புகளை வரிசைப்படுத்துங்கள்

இதுதான் வேலை பிடிக்கும் படி. ஒவ்வொரு மறுப்பையும், கேட்டது என்ன, கேட்டபோது வக்கீல் எந்த நிலையில் இருந்தார், மறுத்ததும் என்ன செய்தார் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு முன்னுரை. ஆரம்ப நாட்களில் பார்ட்டில்பி மறுக்கவே இல்லை. எழுதுவதற்குப் பசித்துக் கிடந்தவன் மாதிரி பகலில் சூரிய வெளிச்சத்திலும் இரவில் மெழுகுவர்த்தியிலும் எழுதித் தள்ளுகிறான். உற்சாகமாக எழுதியிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன் என்கிறார் வக்கீல். ஆனால் அவன் வெளிறிய முகத்தோடு, மௌனமாக, இயந்திரம் போல எழுதுகிறான்.

மூன்றாம் நாள் முதல் மறுப்பு. ஒரு சின்னக் காகிதத்தைச் சரிபார்க்க வேண்டும். வக்கீல் அவசரத்தில் இருக்கிறார். மேசையில் இருக்கும் மூலத்தின்மேல் தலையைக் குனிந்தபடி, நகலை வலது கையால் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு கூப்பிடுகிறார். அவன் வந்து வாங்கிக்கொள்வான் என்பதில் சந்தேகமே இல்லை. தட்டிக்குப் பின்னாலிருந்து மென்மையான, உறுதியான குரல்: "செய்யாமல் இருக்கவே விரும்புகிறேன்." மெல்வில் அந்தக் கையை வரைந்திருக்கும் விதத்தைப் பாருங்கள். முகத்தைப் பார்க்காமல் நீட்டிய கை அது. அவனிடம் கொஞ்சம் கோபமோ திமிரோ பதற்றமோ தெரிந்திருந்தால், சாதாரண மனிதனுக்கு உரிய ஏதாவது ஒன்று தெரிந்திருந்தால், அப்போதே விரட்டியிருப்பேன் என்கிறார். அப்படி எதுவும் தெரியவில்லை. வேலை அவசரம், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்.

சில நாள் கழித்து நாலு பிரதிகளைச் சரிபார்க்கும் வேலை வருகிறது. அதே பதில். டர்க்கியையும் நிப்பர்ஸையும் பையனையும்கூடக் கூப்பிட்டு, நான் சொல்வது நியாயமா இல்லையா என்று கருத்துக் கேட்கிறார். முதலாளி பஞ்சாயத்து வைக்க ஆரம்பித்துவிட்டார்! கடைசியில் ஒரு ஏற்பாடு தானாகவே நிலைத்துவிடுகிறது. நூறு சொல்லுக்கு நாலு சென்ட் என்ற வழக்கமான கூலிக்கு அவன் நகலெடுப்பான், சரிபார்க்க மாட்டான். கூலி நகலுக்குத்தான் பேசப்பட்டிருக்கிறது, சரிபார்ப்புக்கென்று தனியாக எதுவும் சொல்லவில்லை. அந்தக் கணக்கில் 12 டாலர் சம்பாதிக்க 30,000 சொற்களைக் கையால் எழுத வேண்டும். இந்த எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, பலரும் வேகமாகத் தாண்டிவிடும் ஒரு காட்சி. வக்கீல் அவனைத் தபால் ஆபீஸுக்குப் போய்த் தனக்கு ஏதாவது வந்திருக்கிறதா என்று பார்த்துவரச் சொல்கிறார். மூன்று நிமிட நடை. அவன் விரும்பவில்லை. "மாட்டாயா?" என்று கேட்கிறார். "விரும்பவில்லை" என்கிறான். அவர் சண்டைக்கு ஒரு பிடி தேடுகிறார், அவன் கொடுப்பதாக இல்லை. 'மாட்டேன்' என்று சொல்லியிருந்தால் அது கீழ்ப்படியாமை, வேலையை விட்டு நிறுத்திவிடலாம். இவன் சொல்வதை எந்தச் சட்டப் பிரிவில் போடுவது?

இந்த வாக்கியம் தொற்றிக்கொள்ளும் விதம் இன்னொரு வேடிக்கை. வக்கீலே பேச்சுக்கு நடுவில் 'விரும்புகிறேன்' என்று சொல்ல ஆரம்பித்துவிடுகிறார். தினம் ஒரு அளவு நல்ல பீர் குடிக்க அவன் 'விரும்பினால்' எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் டர்க்கி. அந்த வார்த்தையைச் சொன்னீர்களே என்று கேட்டால், நானா, அதெல்லாம் நான் சொல்வதே இல்லை என்கிறார்.

பிறகு ஒருநாள் எழுதுவதையும் நிறுத்துகிறான். ஏன் என்று கேட்கிறார் வக்கீல். "காரணம் உங்களுக்கே தெரியவில்லையா?" என்று சுவாரசியமே இல்லாமல் திருப்பிக் கேட்கிறான். வக்கீல் உற்றுப் பார்க்கிறார். கண்கள் மங்கி இருப்பதாகத் தோன்றுகிறது. அடடா, அரை இருட்டில் உட்கார்ந்து எழுதி எழுதிக் கண் கெட்டுவிட்டது என்று முடிவு செய்து, ஆறுதல் சொல்கிறார், கொஞ்ச நாள் ஓய்வெடு என்கிறார்.

இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு யோசியுங்கள். பார்ட்டில்பி கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. காரணம் கிடைத்ததும் வக்கீலுக்கு அவ்வளவு நிம்மதி, ஏனென்றால் கண் கோளாறு என்றால் அதற்கு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியும். நாம் மனநோய் என்றோ போராட்டம் என்றோ பெயர் வைக்கும்போது அடையும் நிம்மதி இதே ரகம்தான். சில நாள் கழித்து, கண் சரியானால் எழுதுவாயா என்று கேட்கிறார். எழுதுவதையே விட்டுவிட்டேன் என்கிறான்.

ஐந்தாம் படி: ஞாயிற்றுக்கிழமைக் காட்சியை வரி வரியாகப் படியுங்கள்

கால வரிசைப்படி இது எழுத்தை நிறுத்துவதற்கு முன்னால் நடக்கிறது. தனியாக எடுத்துவைத்திருப்பதற்குக் காரணம், கதையின் சோகம் முழுக்க இந்தச் சில பக்கங்களில்தான் திரும்புகிறது.

டிரினிட்டி சர்ச்சில் பேர்பெற்ற போதகர் ஒருவரின் பிரசங்கம் கேட்கப் போகும் வக்கீல், வழியில் அலுவலகத்துக்குள் எட்டிப் பார்க்கலாம் என்று போகிறார். சாவி உள்ளே போகவில்லை, உள்பக்கம் ஏதோ தடுக்கிறது. கதவைத் திறந்து பார்ட்டில்பி தலைகாட்டுகிறான். அரைகுறை உடை. இப்போது கொஞ்சம் வேலையாக இருக்கிறேன், தெருவை இரண்டு மூன்று சுற்று சுற்றிவிட்டு வாருங்கள், அதற்குள் முடிந்துவிடும் என்கிறான். சொந்த அலுவலக வாசலில் நின்றுகொண்டு வக்கீல் என்ன செய்கிறார்? போய்ச் சுற்றிவிட்டு வருகிறார்.

திரும்பி வரும்போது அவன் இல்லை. மூலையைப் பார்க்கிறார். மேசைக்கு அடியில் சுருட்டிவைத்த போர்வை, ஷூ பாலிஷ் டப்பாவும் பிரஷும், தகரக் கிண்ணம், சோப்பு, கிழிந்த துவாலை. ஒரு செய்தித்தாளில் பிஸ்கட் தூளும் துளி சீஸும். அவன் இங்கேயேதான் குடியிருக்கிறான். வார நாளில் கூட்டம் அலைமோதும் வால் ஸ்ட்ரீட், ஞாயிற்றுக்கிழமை ஆளில்லாமல் கிடக்கிறது. அதற்கு நடுவில் இவன் ஒருத்தன்.

இங்கே வக்கீல் சொல்லும் ஒரு வாக்கியத்தை அடிக்கோடிட வேண்டும். அதுவரை தன் வாழ்க்கையில் தெரிந்ததெல்லாம் ஒரு விதத்தில் இனிமையான சோகம் மட்டும்தான், இன்றுதான் முதல்முறையாகக் கொட்டும் துயரம் தன்னைப் பிடித்தது என்கிறார். அவனும் நானும் ஆதாமின் பிள்ளைகள் என்கிறார். சந்தோஷம் வெளிச்சத்துக்கு வருகிறது, அதனால் உலகம் களிப்பானது என்று நினைக்கிறோம். துன்பம் ஒதுங்கி மறைந்துகொள்கிறது, அதனால் துன்பமே இல்லை என்று நினைக்கிறோம் என்கிறார். பத்திரமான மனிதர் இதுவரை இப்படிப் பேசியதே இல்லை.

உடனே என்ன நடக்கிறது என்று பாருங்கள். கண் அவனுடைய மேசைமேல் விழுகிறது. பூட்டில் சாவி தொங்குகிறது. மேசை என்னுடையது, அதனால் உள்ளே இருப்பதும் என்னுடையதுதான் என்று ஒரு வக்கீல் நியாயம் சொல்லிக்கொண்டு திறந்து குடைகிறார். பழைய கைக்குட்டையில் முடிந்துவைத்த கனமான பொட்டலம் ஒன்று கிடைக்கிறது. அவிழ்த்தால் அவனுடைய சேமிப்பு. சகோதரத் துயரம் பொங்கிய மறுநிமிடமே, அவன் முடிச்சை அவிழ்க்கிறது அதே கை.

அதன்பின் உணர்ச்சி ஒவ்வொரு படியாக இறங்குகிறது. துயரம் பயமாகிறது, பரிதாபம் அருவருப்பாகிறது. ஒரு எல்லைவரை பிறர் துன்பம் நம் நல்ல உணர்வுகளைத் தூண்டும், அந்த எல்லையைத் தாண்டினால் தூண்டாது என்கிறார். அது மனிதனின் சுயநலம் மட்டும் இல்லையாம். தீர்க்கவே முடியாத நோயைக் காணும்போது வரும் நம்பிக்கையின்மையாம். அவன் உடம்புக்குத் தர்மம் செய்யலாம், ஆனால் வலிப்பது ஆன்மா, அதை என்னால் எட்ட முடியாது என்கிறார். இது உண்மையான அவதானிப்பா, கைகழுவுவதற்கு நல்ல சாக்கா? இரண்டும் என்றுதான் நான் படிக்கிறேன். அன்றைக்கு அவர் சர்ச்சுக்குப் போகவில்லை. வீட்டுக்கு நடந்தபடியே, அவனிடம் நாலு கேள்வி கேட்பது, பதில் வராவிட்டால் இருபது டாலர் சேர்த்துக் கொடுத்து அனுப்பிவிடுவது என்று தீர்மானிக்கிறார். கொட்டும் துயரத்தில் ஆரம்பித்த காலை, இருபது டாலரில் முடிகிறது.

மறுநாள் அந்தக் கேள்விகளைக் கேட்கும்போது பார்ட்டில்பி அவர் முகத்தைப் பார்ப்பதில்லை. அவர் தலைக்குச் சற்று மேலே இருக்கும் ரோமானியப் பேச்சாளர் சிசரோவின் சுண்ணச் சிலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். கொஞ்சம் நியாயமாக நடந்துகொள் என்று கெஞ்சுகிறார். "தற்சமயம் கொஞ்சம் நியாயமாக நடந்துகொள்ளாமல் இருக்கவே விரும்புகிறேன்" என்பது பதில்.

ஆறாம் படி: கருணைக்குக் கணக்கு எழுதுங்கள்

இரண்டாம் படியில் போட்ட 'ரூ' குறிகளை இப்போது எடுங்கள். ஆரம்பத்திலேயே ஒரு இடத்தில், இவனைப் பொறுத்துக்கொள்வதால் எனக்குச் செலவு ஒன்றும் இல்லை, மனசாட்சிக்குத் தின்ன ஒரு இனிப்புத் துண்டு மலிவாகக் கிடைக்கிறது என்று வக்கீல் சொல்லியிருப்பார். பிறகு வேலைநீக்கம்: கணக்குப்படி பாக்கி 12 டாலர், கொடுப்பது 32. மிச்சம் இருபது அன்பளிப்பு. அவன் தொடவே இல்லை.

கோபம் தலைக்கேறும் ஒரு தருணத்தில், 1841-ல் நியூயார்க்கில் கோல்ட் என்பவர் ஆடம்ஸ் என்ற அச்சக உரிமையாளரைத் தனி அலுவலக அறையில் வைத்துக் கொன்ற நிஜ வழக்கு அவருக்கு நினைவு வருகிறது. 'ஒருவரிலொருவர் அன்பாயிருங்கள்' என்ற கட்டளை தன்னைக் காப்பாற்றியது என்கிறார். அதோடு நிற்காமல், கருணை என்பது அதை வைத்திருப்பவனுக்கே பெரிய பாதுகாப்பு என்று அதையும் லாபக் கணக்கில் சேர்த்துவிடுகிறார்.

அந்தக் கருணையும் வாடிக்கையாளர்கள் கிசுகிசுக்க ஆரம்பிக்கும்வரைதான் தாங்குகிறது. அவனை வெளியேற்ற மனம் வராமல் தானே வெளியேறுகிறார். புதிதாகக் குடிவந்த வக்கீல் வந்து கேட்கும்போது அவன் எனக்கு யாரும் இல்லை, அவனைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்கிறார். பைபிள் தெரிந்தவர்களுக்கு, இயேசுவைத் தெரியவே தெரியாது என்று மறுத்த சீடர் பேதுரு ஞாபகம் வராமல் போகாது.

பத்திரிகையில் பெயர் வந்துவிடும் என்று மிரட்டல் வந்த பிறகு திரும்பிப் போய், மாடிப்படிக் கைப்பிடியில் உட்கார்ந்திருக்கும் அவனுக்கு வேலை வேலையாக நீட்டுகிறார்: துணிக்கடைக் குமாஸ்தா, மதுக்கடை உதவியாள், வசூல் வேலை, ஐரோப்பா போகும் இளைஞனுக்குப் பேச்சுத்துணை. எதுவும் வேண்டாம், ஆனால் எனக்கு இதுதான் வேண்டும் என்றும் இல்லை என்கிறான். கடைசியில் வக்கீல், என் வீட்டுக்கு வா என்கிறார்.

டாலர் கணக்கே இல்லாமல் அவர் நீட்டிய ஒரே உதவி இதுதான். உள்நோக்கம் கலந்ததாகவே இருக்கட்டும், மனசார நீட்டியதாகவே நான் எடுத்துக்கொள்கிறேன். நாமாக இருந்தால் மூன்றாம் நாளே அவனை அனுப்பியிருப்போம். ஆனால் அது வந்த நேரம் தப்பு. தற்சமயம் எந்த மாற்றமும் வேண்டாம் என்கிறான் பார்ட்டில்பி. வக்கீல் ஓடுகிறார், நிஜமாகவே ஓடுகிறார், வண்டி பிடித்துச் சில நாள் ஊர் சுற்றுகிறார்.

ஏழாம் படி: முடிவை இரண்டு தடவை படியுங்கள், ஒருமுறை கடைசிப் பகுதியை மறைத்துவிட்டு

'டூம்ப்ஸ்', அதாவது கல்லறைகள் என்று ஊர் அழைத்த நியூயார்க் சிறை 1838-ல் எகிப்தியப் பாணியில் கட்டப்பட்டது. நாடோடி என்று பிடித்து அவனை அங்கே போடுகிறார்கள். பார், வானம் இருக்கிறது, புல் இருக்கிறது என்று தேற்றுகிறார் வக்கீல். "நான் எங்கே இருக்கிறேன் என்று எனக்குத் தெரியும்" என்கிறான். திரும்பிப் பார்க்காமலே, "உங்களை எனக்குத் தெரியும்" என்றும் சொல்கிறான். கதையிலேயே அவன் இவரைப் பற்றி வைக்கும் ஒரே குற்றச்சாட்டு அதுதான். சாப்பாடு கொடுப்பவனிடம் காசைத் திணித்து நல்ல சாப்பாடு போடச் சொல்கிறார். மறுபடி வரும்போது சுவரோரம் முழங்கால் மடக்கி, குளிர்ந்த கல்லில் தலைபட ஒருக்களித்துக் கிடக்கிறான். தூங்குகிறானா என்று சாப்பாட்டுக்காரன் கேட்க, "ராஜாக்களோடும் மந்திரிகளோடும்" என்கிறார். அது பைபிளில் பெருந்துன்பம் அனுபவிக்கும் யோபுவின் வார்த்தை. பிறந்த நாளையே சபித்து, செத்திருந்தால் ராஜாக்களோடு இளைப்பாறியிருப்பேனே என்று யோபு புலம்பும் இடம். தட்டிக்குப் பின்னால் உட்காரவைத்தவனை வக்கீல் இப்போது ராஜாக்களோடு படுக்கவைக்கிறார்.

கதை இங்கேயே முடிந்திருக்கலாம். கடைசிப் பகுதியைக் கையால் மறைத்துவிட்டு இதுவரை படித்தால் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். பிறகு கையை எடுங்கள்.

ஒரு வதந்தி கேள்விப்பட்டேன், எவ்வளவு உண்மையோ தெரியாது என்று வக்கீல் தொடர்கிறார். பார்ட்டில்பி முன்னே வாஷிங்டனில் டெட் லெட்டர் ஆபீஸில் கீழ்நிலைக் குமாஸ்தாவாக இருந்தானாம். ஆட்சி மாறியபோது வேலை போயிற்றாம். யார் கைக்கும் போய்ச் சேராத கடிதங்களைப் பிரித்து, வண்டி வண்டியாக நெருப்புக்கு அனுப்பும் வேலை. உறைக்குள் ஒரு மோதிரம் இருக்கும், போட வேண்டிய விரல் மண்ணுக்குள் இருக்கலாம். அவசர உதவியாக அனுப்பிய பண நோட்டு இருக்கும், பசித்தவன் போய்ச் சேர்ந்திருப்பான்.

இதைத்தான் பலர் 'விடை' என்று எடுத்துக்கொள்கிறார்கள். நான் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. கண் கோளாறு என்று கண்டுபிடித்த அதே மனிதர்தான் இப்போது வதந்தியைப் பிடித்துக்கொண்டு இன்னொரு காரணம் கண்டுபிடிக்கிறார். ஆனால் அந்தப் பண நோட்டைப் பாருங்கள். இருபது டாலர், மாடிப்படியில் நீட்டிய வீடு, சிறையில் வாங்கிக்கொடுத்த சாப்பாடு எல்லாமே நல்ல எண்ணத்தோடு அனுப்பி, நேரம் தப்பிப் போய்ச் சேராத கடிதங்கள். பார்ட்டில்பியை விளக்குவதாக நினைத்துக்கொண்டு வக்கீல் தன்னைத்தான் விவரிக்கிறார். அது அவருக்குத் தெரிகிறதா என்பதை மெல்வில் சொல்லவில்லை. பார்ட்டில்பிக்காகவும் மனிதகுலத்துக்காகவும் அவர் விடும் கடைசிப் பெருமூச்சில் தனக்கான பங்கும் இருக்கிறது என்றே எனக்குப் படுகிறது.

எட்டாம் படி: இப்போது கோட்பாடுகளைக் கூப்பிடலாம்

முன்னாலேயே கூப்பிட்டிருந்தால் கதையைப் பார்க்கவிடாமல் மறைத்திருக்கும். ஒவ்வொரு விளக்கத்துக்கும் ஒரே சோதனை வையுங்கள்: இதை வக்கீல் ஏற்கெனவே சொல்லிவிட்டாரா?

நோய் என்ற விளக்கம் இந்தச் சோதனையில் அடிபடுகிறது. பிறவியிலேயே வந்த தீராத கோளாறு என்று ஞாயிற்றுக்கிழமையே வக்கீல் முடிவு கட்டிவிட்டார், அந்த முடிவுதான் அவரை விடுவித்தது. பார்ட்டில்பியிடம் மன அழுத்தத்தின் அடையாளங்கள் இல்லை என்று சொல்லவரவில்லை, நிறையவே இருக்கின்றன. பெயர் வைத்ததும் நாம் நகர்ந்துவிடுகிறோமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எழுத்தாளனின் சுயசரிதை என்பது பழைய விளக்கம். சந்தைக்குப் பிடித்ததை நகலெடுக்க மறுத்த மெல்வில்தான் பார்ட்டில்பி. அழகாகப் பொருந்தும், ஆனால் வக்கீலுக்கு அதில் இடமே இல்லை, கதையில் முக்கால்வாசி வீணாகிவிடும்.

உழைப்பு, எதிர்ப்பு என்ற வாசிப்புக்கு வலு அதிகம். 2011-ல் வால் ஸ்ட்ரீட் ஆக்கிரமிப்புப் போராட்டக்காரர்கள் இந்த வாக்கியத்தை எடுத்துக்கொண்டது தற்செயல் இல்லை. நம் ஊர் வாசகர்களுக்கு உடனே ஒத்துழையாமை நினைவுக்கு வரும். இதே காலத்தில்தான் அமெரிக்க எழுத்தாளர் தோரோ வரி கட்ட மறுத்து 1846-ல் ஒரு இரவு சிறையில் இருந்தார், 1849-ல் அதைப் பற்றி எழுதினார். காந்தி அவரைப் படித்தவர். ஆனால் தோரோவும் காந்தியும் காரணத்தை ஊரறியச் சொன்னார்கள், கோரிக்கை வைத்தார்கள். பார்ட்டில்பிக்குக் கோரிக்கை கிடையாது. அதனால்தான் அவனோடு யாரும் பேரம் பேச முடியவில்லை.

டெல்யூஸ் போன்ற தத்துவவாதிகள் அந்த வாக்கியத்தையே எடுத்துவைத்துப் பேசியிருக்கிறார்கள். ஆர்வம் இருந்தால் படியுங்கள், ஆனால் அவர்கள் எழுதியதில் அந்த ஷூ பாலிஷ் டப்பாவைத் தேடாதீர்கள்.

ஒன்பதாம் படி: உங்கள் வாசிப்பை எழுதுங்கள்

ஒரே ஒரு காட்சியை எடுத்துக்கொண்டு ஒரு பக்கம் எழுதுங்கள். 'பார்ட்டில்பி ஒரு குறியீடு' என்று ஆரம்பிக்காதீர்கள், அதற்கு மேல் நகர முடியாது. கேட்டவர் எந்த நிலையில் இருந்தார், மறுத்தவன் எதைப் பார்த்துக்கொண்டிருந்தான், அடுத்து கை எங்கே போயிற்று என்று ஆரம்பியுங்கள். உங்கள் வாதத்துக்கு ஒத்துவராத ஒரு வரியையாவது கதையிலிருந்து எடுத்துக் கட்டுரையில் சேருங்கள். வக்கீலைத் திட்டித் தீர்க்கும் கட்டுரை என்றால், அவர் தவிர வேறு யாரும் சிறைக்குப் போய் அவனைப் பார்க்கவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும்.

வகுப்பிலோ வாசகர் வட்டத்திலோ பேசுவதாக இருந்தால், தபால் ஆபீஸுக்குப் போக மறுக்கும் அந்தச் சில வரிகளையும் கடைசி வதந்தியையும் ஒரே தாளில் அச்செடுத்துக் கொடுங்கள். அவன் போக மறுத்த இடமும் அவன் வந்ததாகச் சொல்லப்படும் இடமும் ஒரே துறையைச் சேர்ந்தவை என்பதை யாராவது கவனிக்கும்வரை காத்திருங்கள். கவனித்தவர் உடனே, ஆக இதுதான் காரணம் என்பார். வதந்தியைச் சொன்னது யார் என்று அப்போது கேளுங்கள். விவாதம் அங்கிருந்து தானாகவே நடக்கும்.